45 நிமிடத்தில் முடியாத வேலை

"எலிக்குஞ்சின் வாயைப் பிளந்து பார்க்க எதற்கையா இவ்வளவு பணம்? அந்தக் காசுக்கு நூறு பிள்ளைகளுக்கு உதடு தைத்து அனுப்பிவிடலாமே." கடைசியாக என்னிடம் இப்படிக் கேட்டவர் ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர் ஒருவர். வாழ்நாளில் பாதியைப் பிளவுதடு தைப்பதிலேயே கழித்தவர். அவர் குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. அதனால் அப்போது பதில் சொல்லாமல் காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பதில் இது.

அவர் சொன்னது ஊரெல்லாம் உலவுகிற கருத்து. உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் விடை தெரிந்த கணக்குகள். மிச்சமிருப்பது பணமும் ஆள்பலமும்தான். எலியையும் கோழிக்கருவையும் வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பது பணக்கார நாடுகளின் பொழுதுபோக்கு. தொண்டு நிறுவனங்களின் விளம்பரங்கள் இதை இன்னும் சுருக்கின: 45 நிமிடம், 250 டாலர், ஒரு புன்னகை. உத்தரப்பிரதேசத்துச் சிறுமி ஒருத்தியின் கதையைச் சொன்ன 'ஸ்மைல் பிங்கி' என்ற ஆவணப்படம் 2009-இல் ஆஸ்கர் வாங்கியபோது நாமும் கண்கலங்கினோம். நல்ல படம்தான். ஆனால் அறுவைக்கு முன் ஒரு புகைப்படம், பின் ஒரு புகைப்படம் என்று அடுத்தடுத்து அச்சிடும் துண்டுப் பிரசுரங்களைப் பாருங்கள். தைத்த பிறகு அந்தப் பிள்ளை எப்படிப் பேசுகிறது என்பதற்கு அதில் இடமே இல்லை.

பேச்சிலிருந்தே தொடங்கலாம். எழுத்து பிறக்கும் இடங்களை எட்டு என்று கணக்கிட்ட தொல்காப்பியம், பல், இதழ், நா, மூக்கு ஆகியவற்றோடு அண்ணத்தையும் சேர்த்தது. நாம் ப, ட, க என்று சொல்லும்போது மெல்லண்ணம் மேலெழும்பி மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. அடைத்தால்தான் வாய்க்குள் காற்று அழுந்தி, வல்லினம் வெடிக்கும். அந்தக் கதவு மூடாத பிள்ளை "அப்பா" என்று சொன்னால், காற்று மூக்கு வழியாகப் போய் "அம்மா" என்பதுபோல் கேட்கும். வீட்டார் முதலில் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்திலும் சிரிப்பார்கள், வேறு மாதிரி. உதட்டை எவ்வளவு அழகாகத் தைத்திருந்தாலும் இதற்கு அது மருந்தாகாது.

உதட்டைத் தைப்பது மூன்று மாத வாக்கில். அண்ணம் ஒரு வயதை ஒட்டி. அண்ணத்துத் தசைகளே காதின் உட்குழாயையும் திறந்துவிடுபவை என்பதால் நடுக்காதில் நீர் தேங்கும். அதைக் கவனிக்காவிட்டால் கேட்கும் திறன் குறையும். கேட்காத பிள்ளை எப்படிப் பேசும்? பிறகு பேச்சுப் பயிற்சி, மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில். எட்டு வயதுக்கும் பதினொன்றுக்கும் இடையே, கோரைப்பல் இறங்குவதற்குள், இடுப்பிலிருந்து எலும்பைச் சுரண்டி எடுத்து ஈறுப் பிளவில் வைக்க வேண்டும். பல்லுக்குக் கம்பி. வளர்ச்சி நின்ற பிறகு, மேல்தாடை பின்தங்கியிருந்தால், அதை வெட்டி முன்னால் நகர்த்தும் பெரிய அறுவை. 45 நிமிடத்தில் தொடங்குவது 18 வருடம் போகிறது. தொண்டு நிறுவனங்களில் சிலவும் இதை உணர்ந்து இப்போது பேச்சுப் பயிற்சிக்குப் பணம் ஒதுக்குகின்றன. விளம்பரம்தான் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

"சரி, அறுவை ஒன்றல்ல, நான்கு. பயிற்சியாளரும் வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். இதில் எலி எங்கிருந்து வந்தது?" என்பார் டாக்டர். அதற்குப் பக்கத்து நாட்டுக்குப் போக வேண்டும்.

1984-இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையைச் சேர்ந்த மைக்கேல் மார்ஸ் என்ற பல்சீரமைப்பு மருத்துவர் இலங்கையின் காலி நகருக்கு வந்தார். பிளவோடு பிறந்து, கத்தியே படாமல் வளர்ந்துவிட்ட இளைஞர்களும் பெரியவர்களும் அங்கே வரிசையில் நின்றார்கள். இங்கிலாந்தில் அப்படி ஒருவரைப் பார்க்க முடியாது. எல்லாருக்கும் கைக்குழந்தையிலேயே தைத்துவிடுவார்கள். அந்த இங்கிலாந்துப் பிள்ளைகளுக்குப் பதின்வயதில் முகத்தின் நடுப்பகுதி குழிந்து, மேல்தாடை பின்னடைந்து நிற்பது மார்ஸுக்குப் பழகிய காட்சி. பிளவோடு பிறந்தவர்களுக்கு எலும்பு வளரும் சக்தியே குறைவு என்று பாடப்புத்தகம் அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தது. காலியில் நின்றவர்களின் தாடைகளை அளந்தபோது கதை தலைகீழானது. உதடும் அண்ணமும் பிளந்தே கிடந்தன. மேல்தாடையோ ஏறத்தாழ எல்லாரையும் போல வளர்ந்திருந்தது. 1990-இல் மார்ஸும் ஹூஸ்டனும் அதைப் பதிப்பித்தார்கள். வளர்ச்சியைத் தடுத்ததில் பிளவின் பங்கைவிட நம் தையலின் பங்கு பெரிது என்பதுதான் அதன் பொருள்.

அப்படியானால் வளர்ந்த பிறகு தைத்தால் போயிற்று என்று தோன்றும். அதற்கும் அதே வரிசையில் நின்றவர்கள்தான் பதில் வைத்திருந்தார்கள். மார்ஸ் குழுவில் இருந்த பேச்சு வல்லுநர் டெபி செல், காலம் கடந்து அண்ணம் தைக்கப்பட்ட பதின்வயதினரின் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்தார். அறுவை நன்றாக முடிந்திருந்தும் பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு சீராகவில்லை. நாக்கும் தொண்டையும் பிளவோடு வாழப் பழகித் தங்களுக்கென்று ஒரு வழியை வகுத்துவிட்டிருந்தன. ஆக, சீக்கிரம் தைத்தால் பேச்சு வரும், தாடை பின்தங்கும். தாமதமாகத் தைத்தால் தாடை வளரும், பேச்சு போகும். வறுமையால் மருத்துவம் கிடைக்காத மனிதர்களின் உடலிலிருந்து உலகம் இந்தப் பாடத்தைப் படித்தது என்பது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. அந்தக் குழு அவர்களுக்கு அறுவையும் செய்தது என்பதில் கொஞ்சம் ஆறுதல்.

இந்த இக்கட்டிலிருந்து கத்தியை வைத்துக்கொண்டு வெளியே வர முடியுமா? தாடை ஏன் வளராமல் போகிறது என்று பாருங்கள். பழைய முறையில் அண்ணத்தின் இரண்டு பக்கச் சதையையும் எலும்பிலிருந்து உரித்து நடுவுக்கு இழுத்துத் தைப்பார்கள். பற்களை ஒட்டிய ஓரத்தில் எலும்பு திறந்து கிடக்கும். அது தானே ஆறும், ஆறும்போது தழும்பு விழும், தழும்பு சுருங்கும். சுருங்க வைப்பவை, பாதி நாரிழைச் செல்லாகவும் பாதி தசைச் செல்லாகவும் நடந்துகொள்ளும் ஒருவகைச் செல்கள். 1971-இல் ஜூலியோ கப்பியானி அவற்றை அடையாளம் காட்டினார். கயிற்றை இழுப்பதுபோல் அவை இழுக்க இழுக்க, வளர வேண்டிய தாடை கட்டுண்டு போகிறது. உரிக்கும் பரப்பை அறுவை மருத்துவர் குறைக்கலாம், குறைத்தும் இருக்கிறார்கள். ஆனால் தழும்பே இல்லாமல் காயத்தை ஆற்றுவது எப்படி என்ற கேள்விக்குக் கத்தியிடம் பதில் இல்லை. அது செல்களைப் பற்றிய கேள்வி.

டாக்டர் கிண்டல் செய்த எலியும் கோழியும் வரும் இடம் இதுதான். மனிதக் கருவில் அண்ணம் இரண்டு தட்டுகளாக, நாக்கின் இருபுறமும் திரைபோலத் தொங்கியபடி தொடங்குகிறது. எட்டாவது வாரத்தை ஒட்டி நாக்கு கீழிறங்க, தட்டுகள் மேலெழும்பிக் கிடைமட்டமாகி நடுவில் சந்திக்கின்றன. சந்தித்தால் மட்டும் போதாது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் தோலடுக்கு கரைந்து, இந்தப் பக்கச் செல்லும் அந்தப் பக்கச் செல்லும் ஒன்றாகக் கலக்க வேண்டும். 1995-இல் டிஜிஎஃப் பீட்டா-3 என்ற புரதத்தின் மரபணுவை நீக்கிய எலிகளை இரண்டு குழுக்கள் தனித்தனியே உருவாக்கின. அந்த எலிக்குஞ்சுகளின் அண்ணத் தட்டுகள் சரியாக எழுந்தன, சரியாகத் தொட்டுக்கொண்டன, கலக்க மட்டும் இல்லை. கோழிக்கோ இயல்பிலேயே அண்ணம் திறந்திருக்கும். தட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றும் சேருவதில்லை. கோழிக்கருவின் தட்டுகளை எடுத்து, வளர்ப்புக் கிண்ணத்தில் அதே புரதத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். அவை ஒட்டிக் கலந்துவிட்டன. இதைப் படித்த நாளில் நான் வேறு வேலை எதுவும் செய்யவில்லை.

இந்த ஆராய்ச்சியின் முன்னோடிகளில் ஒருவர் மான்செஸ்டரில் இருந்த மார்க் ஃபெர்குசன். முதலை அண்ணத்தையும் விட்டுவைக்காதவர். கருவில் இருக்கும்போது ஏற்படும் காயம் தழும்பில்லாமல் ஆறுகிறது என்பதையும், அங்கே இந்தப் புரதம் மிகுதியாக இருப்பதையும் அவர் குழு பொருத்திப் பார்த்தது. அண்ணத்தில் தொடங்கிய கேள்வி தழும்புக்கு வந்து சேர்ந்தது. ரெனோவோ என்ற நிறுவனம் தொடங்கி, அந்தப் புரதத்தையே தழும்பு தடுக்கும் ஊசி மருந்தாக்கி, மனிதர்களிடம் சோதித்தார்கள். ஆரம்பச் சோதனைகள் நம்பிக்கை கொடுத்தன. 2011 பிப்ரவரியில், மூன்றாம் கட்டச் சோதனையில் மருந்து தோற்றது.

"பார்த்தீர்களா!" என்று டாக்டர் துள்ளி எழுவார். எழட்டும். அந்த மருந்து பயன்படாது என்பது எப்படித் தெரிந்தது? சீட்டுக் குலுக்கிப் பிரித்து, மருந்து கொடுத்ததையும் கொடுக்காததையும் ஒப்பிட்டதால் தெரிந்தது. அதே அளவுகோலை அறுவை அறைக்குள் கொண்டுபோவோம். பிளவு எல்லாம் தீர்ந்த கணக்கு என்கிறார்களே, ஐரோப்பாவில் 201 சிகிச்சைக் குழுக்களிடம் ஒரே வகைப் பிளவுக்கு, ஒருபக்கம் முழுதாகப் பிளந்த உதடும் அண்ணமும் கொண்ட பிள்ளைக்கு, எந்த வயதில் எதை எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். 194 வெவ்வேறு நடைமுறைகள் வந்தன. விடை தெரிந்த கணக்குக்கு 194 விடையா? ஒவ்வொருவரும் தம் ஆசிரியரிடம் கற்றதைச் செய்தார்கள்; அந்த ஆசிரியர் அவருடைய ஆசிரியரிடம் கற்றதை. பிரிட்டனில் 57 இடங்களில் நடந்துகொண்டிருந்த பிளவு அறுவைகளின் பலன்களைச் சோதித்த குழு, 1998-இல் அவற்றை 8 முதல் 15 மையங்களாகக் குறைக்கச் சொன்னது. பலன் அவ்வளவு மோசமாக இருந்தது. அதுவரை அங்கேயும் நாடு முழுவதையும் சேர்த்து யாரும் அளந்து பார்த்திருக்கவில்லை.

கருவியலின் தோல்வி பத்திரிகையில் வந்தது. அறுவையின் தோல்வி, பள்ளிக்கூடத்துக் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது.

அடுத்தது தடுப்பு. இங்கே நான் நம் பாட்டிகளின் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் பேசுவேன். கிரகணத்தில் வெளியே வந்ததால் பிள்ளை மூளியாகப் பிறந்தது என்று சொன்ன பாட்டியின் விடை தவறு. ஆனால் அவள் கேட்ட கேள்வி, "வயிற்றில் இருக்கும்போது என்ன நடந்தது?" என்பது, மிகச் சரியான கேள்வி. 45 நிமிட விளம்பரம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. பிளவு எங்கிருந்தோ வருகிறது, நாம் தைக்கிறோம், மறுபடி வருகிறது, மறுபடி தைக்கிறோம். உலகம் முழுவதும் சுமார் 700 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் அது வந்துகொண்டேயிருக்கும்.

பாட்டியின் கேள்விக்கு உருப்படியான பதில் சொன்னவை எலிகள். 1950-ஐ ஒட்டி, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கிளார்க் ஃப்ரேசர், சினையாக இருந்த எலிகளுக்குக் கார்டிசோன் கொடுத்தார். ஓர் எலியினத்தில் ஏறக்குறைய எல்லாக் குஞ்சுகளும் பிளந்த அண்ணத்தோடு பிறந்தன. இன்னோர் இனத்தில் ஐந்தில் ஒன்று அளவுக்குத்தான். அதே மருந்து, அதே அளவு. முதல் இனத்துக்கு அண்ணத் தட்டுகள் எழும்புவதே இயல்பாகக் கொஞ்சம் தாமதம். பஸ் நகரும்போது ஓடிவந்து தொற்றிக்கொள்கிறவனைப் போல, எப்படியோ ஏறிவிடும். மருந்து இன்னும் சிறிது தாமதப்படுத்தியதும் பஸ் போய்விட்டது. தலை அகலமாகி, தட்டுகள் எழுந்தும் ஒன்றையொன்று எட்டவில்லை. பரம்பரை மட்டும் காரணம் இல்லை, வெளியிலிருந்து வந்தது மட்டும் காரணம் இல்லை, இரண்டும் ஒரு கால எல்லையில் மோதுகின்றன. பெண் கருவில் அண்ணம் மூடுவது ஆண் கருவைவிட ஏறத்தாழ ஒரு வாரம் தாமதம். தனி அண்ணப் பிளவு பெண் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுவதற்கு அதையே விளக்கமாகச் சொல்கிறார்கள்.

இந்தச் சிந்தனையிலிருந்துதான், கருவின் எந்த வாரத்தில் எந்த மருந்து ஆபத்து என்று பார்க்கும் பழக்கம் வலுப்பட்டது. வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கும் டோபிராமேட், கருவில் பிளவு உண்டாகும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் எச்சரித்தது. உதடு ஆறு, ஏழு வாரத்திலேயே கூடி முடிந்துவிடுகிறது. பல பெண்கள் முதல் பரிசோதனைக்குப் போவதே அதற்குப் பிறகுதான். ஆகவே மருந்தை மாற்றும் பேச்சு கர்ப்பத்துக்கு முன்பே நடக்க வேண்டும். (வலிப்பு மாத்திரையை யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது, அது இன்னும் பெரிய ஆபத்து.) ஃபோலிக் அமிலம் முதுகெலும்புப் பிளவைத் தடுக்கிறது என்பதை 1991-இல் வந்த பெரிய சோதனை ஐயமின்றிக் காட்டியது. உதட்டுப் பிளவுக்கு அவ்வளவு தெளிவான விடை இன்னும் இல்லை. விடை இல்லாத இடத்தில் ஆராய்ச்சி வேண்டாம் என்பது என்ன நியாயம்?

இன்னொன்று உண்டு. இதை நான் டாக்டரிடம் நேரிலேயே சொல்லியிருக்க வேண்டும். பிளவோடு பிறந்த சில பிள்ளைகளின் கீழுதட்டில் குண்டூசி குத்தியதுபோல் இரண்டு சிறு குழிகள் இருக்கும். வான் டர் வூட் நோய்க்குறி என்று பெயர். 2002-இல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி முர்ரே, பிரையன் ஷுட்டே ஆகியோரின் குழு, ஐஆர்எஃப்-6 என்ற மரபணுவின் மாற்றமே இதற்குக் காரணம் என்று கண்டது. பிறகு எலிகளிடம் பார்த்தபோது அதன் வேலையும் புரிந்தது. கருவின் தோல்மேல் மெல்லிய மேலுறை ஒன்று இருக்கிறது. ஸ்டிக்கரின் பின்பக்கத் தாளைப் போல, ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டிக்கொள்ளாமல் அது காக்கிறது. ஒட்ட வேண்டிய வேளையில் விலகுகிறது. அந்த உறை சரியாக அமையாவிட்டால் அண்ணத் தட்டு நாக்கோடு ஒட்டிக்கொண்டு மேலெழும்ப முடியாமல் போகிறது.

இந்த மாற்றம் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வரலாம். உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சிலருக்குக் குழிகள் மட்டும் இருக்கும், பிளவு இருக்காது. அப்படி ஒரு தகப்பன், தன் உதட்டில் குழி இருப்பதையே கண்ணாடியில் கவனித்திருக்க மாட்டான். வீட்டில் கிரகணத்தைச் சொல்லி, கத்தரிக்கோல் பிடித்ததைச் சொல்லி, வெள்ளரிக்காய் நறுக்கியதைச் சொல்லி மருமகளை வதைத்துக்கொண்டிருப்பார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் தகப்பனின் உதட்டை ஒரு மருத்துவர் உற்றுப் பார்த்தால் போதும், அவள்மேல் விழுந்த பழி அங்கேயே கழன்றுவிடும். உற்றுப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது மரபணுக் கூடம். இதை எத்தனை டாலருக்கு மதிப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பணம் குறைவு என்ற வாதம் மட்டும் மிச்சம். உண்மைதான், குறைவு. ஆனால் எலிக்கூண்டுக்குப் போகும் காசை நிறுத்தினால் அது அப்படியே தையல் நூலாக மாறி மாவட்ட மருத்துவமனைக்கு வந்துவிடும் என்று நம்புவதற்கு, நம் நிதியறிக்கைகளைப் படிக்காதவராக இருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு பையிலிருந்து வருகின்றன. இரண்டு பையும் சிறியவை.

கத்திக்கும் கருவுக்கும் பகை என்பதே பின்னால் வந்த பேச்சு. 1819-இல் பாரிஸில், மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில், ஃபிலிபெர் ரூ என்ற அறுவை மருத்துவர் ஒரு மாணவரின் பிளந்த மெல்லண்ணத்தைத் தைத்தார். அந்த மாணவர் ஜான் ஸ்டீஃபன்சன், மான்ட்ரியாலைச் சேர்ந்தவர், மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர். அறுவை முடிந்து எடின்பரோவுக்குப் போய், தன் அண்ணத்தையே பொருளாக வைத்து ஆய்வேடு எழுதினார். ஊர் திரும்பியபின் நண்பர்களோடு சேர்ந்து அவர் நிறுவிய மருத்துவப் பள்ளிதான் மெக்கில் மருத்துவப் புலமாக வளர்ந்தது. நூற்றுமுப்பது ஆண்டு கழித்து ஃப்ரேசர் எலிகளுக்கு ஊசி போட்டது அதே பல்கலைக்கழகத்தில்தான்.

எந்த மாதத்தில் அண்ணம் தைப்பது என்ற பழைய கேள்விக்கு வருகிறேன். 2023 ஆகஸ்டில் ஒரு விடை வந்தது. ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் 558 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கி, பாதிப் பேருக்கு ஆறு மாதத்திலும் பாதிப் பேருக்குப் பன்னிரண்டு மாதத்திலும் தைத்தார்கள். ஐந்து வயதில் பேசவைத்துப் பதிவுசெய்து கேட்டார்கள். மெல்லண்ணக் கதவு சரியாக மூடாதவர்கள் ஆறு மாதக் குழுவில் 8.9 சதவீதம், பன்னிரண்டு மாதக் குழுவில் 15 சதவீதம். டாக்டர், நீங்கள் தைத்துக்கொண்டிருந்த காலம் முழுவதும் இந்த எண் உங்களிடம் இல்லை. உங்கள் ஆசிரியரிடமும் இல்லை. இதுவும் அண்ணம் மட்டும் பிளந்த பிள்ளைகளுக்கான விடைதான். உதடும் ஈறும் சேர்ந்து பிளந்த பிள்ளைக்கு எந்த மாதம் என்றோ, ஆறு மாதத்தில் தைத்த தாடை பதினெட்டு வயதில் எங்கே நிற்கும் என்றோ, ஐந்து வயதில் எடுத்த அந்தக் கணக்கு சொல்லாது.